முதலாளி புத்தகத்தின் முதல் பிரதி

என் கணவர் நடேசன் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றால், மறுமுனையில் அழகப்பன் பேசுகிறார் என்று பொருள். டாக்டர் கூப்பிட்டால் சோபாவில் சாய்ந்தபடி பேசுவார். மகள் கூப்பிட்டால் டிவி சத்தத்தைக்கூடக் குறைக்க மாட்டார். அழகப்பன் என்றால் மட்டும் முட்டிவலியெல்லாம் பறந்துபோய்விடும். அந்த அழகப்பனின் தொழிற்சாலையில் தையல் இயந்திர மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றுப் பதினான்கு வருடம் ஆகிறது. வாயில் இன்னும் "முதலாளி"தான்.

"சரிங்க முதலாளி. சொல்லிடறேங்க முதலாளி. அவளுக்கு என்னங்க, சந்தோஷமா வருவா."

அவள் என்றால் நான். எங்கே, எதற்குச் சந்தோஷமாக வரப்போகிறேன் என்பது போனை வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அழகப்பனுக்கு எண்பத்தெட்டு வயது. தன் வரலாற்றை எழுதியிருக்கிறார். சிராங்கூன் ரோட்டில் ஓர் உணவகத்தின் மாடி மண்டபத்தில் சனிக்கிழமை சாயந்திரம் வெளியீடு. முதல் பிரதியை ஒரு பெரிய மனிதர் வாங்குவதைவிட, அவரிடம் வேலை பார்த்த ஒரு பெண் வாங்கினால்தான் அழகு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பழைய ஆட்களில் நடக்கத் தெம்புள்ளவர்களை எண்ணிப் பார்த்திருப்பார்கள். நான் அகப்பட்டேன்.

நம் ஆட்களின் விழாக்களில் முதல் பிரதி வாங்குவது லேசான விஷயமில்லை. மேடை ஏற வேண்டும். பொன்னாடை போர்த்துவார்கள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் நிஜம் என்று ஊர் முன்னால் கைநாட்டு வைத்த மாதிரிதான் அது.

இரண்டு நாள் கழித்து அழகப்பனின் பேத்தி யாமினி எங்கள் பிடோக் வீட்டுக்கு வந்தாள். விழா ஏற்பாடெல்லாம் அவள் பொறுப்பு. கையில் புத்தகமும் ஒரு தாளும்.

"ஆன்ட்டி, நீங்க ஒண்ணுமே பிரிப்பேர் பண்ண வேணாம். மூணே மூணு லைன்தான் லா. தாத்தாவே சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணேன். பாத்துப் படிச்சா போதும்."

தாளில், 'ஐயா எங்களுக்கு வேலை தரவில்லை, வாழ்வு தந்தார்' என்று தொடங்கியது. நன்றி சொல்லும் சிரமத்தைக்கூட நமக்கு வைக்காத மனிதர்.

புத்தகத்தின் பெயர் 'நான் தைத்த வாழ்க்கை'. நான் அவரிடம் பதினாறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் ஊசியில் நூல் கோத்து ஒரு நாளும் பார்த்ததில்லை. அதை நான் சொன்னதும் நடேசனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. யாமினி மட்டும் சிரித்தாள். நல்ல பெண்.

அன்று மத்தியானமே படிக்க உட்கார்ந்தேன். நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "என் தொழிற்சாலையிலிருந்து எந்தப் பெண்ணும் கண்ணீரோடு வீட்டுக்குப் போனதில்லை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அதேதான் இருந்தது.

பொய் சொல்லக் கூடாது. அவர் செய்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியில் நாலு தையல் இயந்திரத்தோடு ஆரம்பித்தவர். எழுபத்துநாலில் பிடோக்கில் பெரிய தொழிற்சாலை எடுத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. வயசுப் பெண் தொழிற்சாலைக்குப் போவதா என்று என் அப்பா குதித்தார். அழகப்பன் தாமே எங்கள் வீட்டுக்கு வந்து, கால் ஆடும் முக்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, "என் பஸ்ஸே கூட்டிக்கிட்டுப் போகும், என் பஸ்ஸே கொண்டாந்து விடும்" என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். இப்படி வீடு வீடாகப் போய் எத்தனையோ அப்பாக்களைச் சாய்த்திருக்கிறார். எங்கள் அம்மாவால் ஒரே ஒரு அப்பாவைக்கூடச் சாய்க்க முடிந்ததில்லை.

முதல் சம்பளத்தில் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். யாரையும் கேட்காமல் நான் வாங்கிய முதல் பொருள். பிறகு அங்கேயே நடேசனைப் பார்த்தேன், கல்யாணம் ஆனது, இரண்டு பேர் சேமநிதியையும் போட்டு இந்த வீட்டை வாங்கினோம். அழகப்பன் இல்லாவிட்டால் நான் யாருக்காவது நாலு பிள்ளை பெற்றுப்போட்டு, சில்லறைக்கும் கையேந்திக்கொண்டு இருந்திருப்பேன். இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்வேன். அதற்குத் தாள் தேவையில்லை.

அந்த மனிதரின் தொழிற்சாலையில்தான் பலகையும் இருந்தது.

ஒரு லைனில் நாற்பது பெண்கள். சீனர், மலாய்க்காரர், நாங்கள், எல்லாரும் கலந்து. நாற்பது பேருக்கும் சேர்த்து உள்ளங்கை அளவில் ஒரே ஒரு மரப்பலகை, லீடரின் மேசையில் தொங்கும். கழிவறைக்குப் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். போன நேரம், வந்த நேரம் எல்லாம் லீடர் நோட்டில் ஏறும். எட்டு நிமிடத்தைத் தாண்டினால் சிவப்பு மை. இருநூற்று முப்பது பக்கம் எழுதியவர் அந்தப் பலகையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எங்களைத் தங்கைகள் என்று மட்டும் ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறார். எனக்கும் கூடப்பிறந்த அண்ணன்கள் உண்டு. அவர்கள் யாரும் வாசலில் நின்று நிமிடம் எண்ணியதில்லை.

மரியம்மாள் அந்தப் பலகையால் வேலை இழந்தவள். எண்பத்திரண்டில். என் லைனில்தான் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வேலை போனதும் பதிவு செய்து வைத்திருந்த அரசாங்க வீட்டைக் கைவிட வேண்டியதாயிற்று. பிறகு அலுவலகங்களில் தரை துடைத்தாள். எங்களிடமிருந்து இரண்டு புளோக் தள்ளி, இன்னோர் அடுக்குமாடியில் ஓரறை வாடகை வீட்டில் இருக்கிறாள், இன்றைக்கும்.

தினமும் காலையில் நாங்கள் இருவரும் நடக்கப் போவோம். ஞாயிறு மட்டும் அவள் மாதா கோயிலில் பூசை முடித்துவிட்டு வருவாள், அன்று கொஞ்சம் தாமதம். நடந்து முடித்ததும் கோப்பிக்கடை. நான் அழகப்பனைத் திட்டுவேன். அவள் ரொட்டியைக் கோப்பியில் நனைத்துத் தின்பாள். "விடு லா சரசு, அவருக்கும் வயசாயிருச்சு" என்பாள். வேலை போனவள் அமைதியாக இருப்பாள். அவள் பங்குக்கும் சேர்த்து நான் திட்டுவேன். மனசாட்சி உள்ளவள் என்று கோப்பிக்கடைக்காரர்கூட என்னை நினைத்திருப்பார்.

இனி மறைத்துப் பயனில்லை. அந்த லைனின் லீடர் நான்தான்.

அந்த வருடம் அமெரிக்காவுக்குப் பெரிய ஆர்டர். அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மாதாமாதம் ஒவ்வொரு லீடரும், அதிக நேரம் வீணாக்குகிறவள் என்று ஒரு பெயரை, லைனில் யாருக்கும் தெரியாமல் எழுதித் தர வேண்டும். ஒன்றுமில்லாத மாதத்திலும் தர வேண்டும். வருகைப்படியில் கை வைப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். வேறு யார் பெயரை எழுதினாலும், தெரிந்தால் சண்டைக்கு வருவாள். மரியம்மாள் அப்போது அடிக்கடி கழிவறைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். மூன்று மாதக் கர்ப்பம் என்பதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் நான் அவள் பெயரை எழுதியதற்குக் காரணம் அது இல்லை. அவள் என் தோழி, தெரிந்தாலும் பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். மூன்று மாதமும் அவள் பெயரையே எழுதினேன். நான் ஆசையாக வாங்கிய கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். "முதலாளி என்னை நிப்பாட்டிட்டாருடி" என்றாள். "பாவி!" என்றேன். அழகப்பனைத்தான் சொன்னேன். அன்று திட்ட ஆரம்பித்தது. நாற்பத்திரண்டு வருடம் ஆகியும் நிறுத்தவில்லை.

இந்த விழாவில் ஒரு வழி இருப்பதாக எனக்குப் பட்டது. மேடையிலேயே பலகைக் கதையைச் சொல்லிவிடுவது. அழகப்பன் சபை முன்னால் மரியம்மாளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால், என் குற்றமும் அதிலேயே கரைந்துபோகும். அவர் பெரிய ஆள். அவர் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றினால் தாங்கிக்கொள்வார்.

நடேசனுக்கு என் முகத்தைப் பார்த்தே சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, "நாப்பத்தாறு வருஷத்துல நான் உங்கிட்ட ஒண்ணு கேட்டிருப்பேனா?" என்று ஆரம்பித்தார். காலைக் கோப்பியிலிருந்து இரவு வெந்நீர்வரை கேட்டுக்கொண்டே இருக்கும் மனிதர்.

"மேடையில வாயத் தொறந்து வம்பு பண்ணாத. என் பைபாஸ் ஆப்பரேஷனுக்கு அந்த மனுஷன் ரெண்டு நாள் என் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தாரு. உன் தம்பிகூட வரல."

"என் தம்பிக்கு ஷிப்யார்டுல லீவு கிடைக்கல."

"எண்ணூறு பேர வச்சு வேலை வாங்குறவருக்குக் கிடைச்சுச்சு பாரு."

ரசத்தை ஊற்றினேன்.

சனிக்கிழமை மரியம்மாளும் எங்களோடு வந்தாள். நான்தான் வற்புறுத்திக் கூப்பிட்டேன். நீலப் புடவை, தலையில் கொஞ்சம் மல்லிகை. "நீ புஸ்தகம் வாங்குறப்ப நான் போட்டோ எடுக்கணும்" என்று கைபேசியை முழுதாகச் சார்ஜ் போட்டு எடுத்து வந்திருந்தாள். மூன்றாம் வரிசையில் நடேசன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அழகப்பன் மேடையில் சக்கர நாற்காலியில் இருந்தார். உடம்பு வற்றிவிட்டது. சட்டை மட்டும் அன்று போலவே விறைப்பாக இருந்தது. முதலில் ரகுபதி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் வாழ்த்திப் பேசினார். அழகப்பன் பிறக்காவிட்டால் இந்தத் தீவே சட்டையில்லாமல் திரிந்திருக்கும் என்கிற அளவுக்குப் போனார். அடுத்துப் பேசியவர் எண்ணூறு குடும்பங்களில் விளக்கேற்றியவர் என்றார். அதில் பொய்யில்லை, நானும் கைதட்டினேன்.

என் முறை வந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். அழகப்பன் புத்தகத்தைக் கொடுத்தார். "நல்லா இருக்கியா சரசு?" என்று மெதுவாகக் கேட்டார். பெயர் நினைவிருந்தது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது, அதற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது.

ஒலிவாங்கிக்கு முன்னால் தாளைப் பிரித்து முதல் வரியைப் படித்தேன். கைதட்டினார்கள். நடேசன் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். தாளை மடித்துவிட்டேன்.

"மிச்ச ரெண்டு வரிய நான் சொந்தமா சொல்றேன். முதலாளி எங்கப்பாகிட்டப் பேசாட்டி நான் வீட்டை விட்டு வெளியவே வந்திருக்க மாட்டேன். அதை நான் மறக்கல. ஆனா நூத்துப் பதினாலாம் பக்கத்துல, எந்தப் பொண்ணும் அழுதுக்கிட்டுப் போனதில்லன்னு எழுதியிருக்கீங்க. அது சரியில்ல. பாத்ரூமுக்குப் போக எங்க நாப்பது பேருக்கு ஒரு பலகை வச்சிருந்தீங்க. எட்டு நிமிஷத்துக்கு மேல ஆனா சிவப்பு மை. அதால மரியம்மாள்னு ஒருத்திக்கு வேலை போச்சு. வயித்துல பிள்ளையோட அழுதுக்கிட்டுப் போனா. அவ இங்கதான் உக்காந்திருக்கா."

யாமினி ஒலிவாங்கி பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். அழகப்பன் கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டு, தன் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார்.

"பலகையா? எனக்குத் தெரியாதே சரசு. சாயந்திரம் ஆனா எத்தனை சட்டைன்னுதான் கேப்பேன். அதை எப்படி முடிச்சீங்கன்னு நான் கேட்டதே இல்லையே." நெற்றியைச் சுருக்கினார். நடிப்பாகத் தெரியவில்லை, நிஜமாகவே யோசித்தார். "நேரத்த யாரு எழுதுனா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பழைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மண்டபத்தில் இருந்தார்கள். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்னைக் காப்பாற்றத்தான் குனிந்தார்கள்.

"லீடர்" என்றேன்.

"எந்த லைன்?"

"நாலாவது லைன்."

கிழவரின் முகம் மலர்ந்தது. "அது உன் லைன் ஆச்சே! நாலாவது லைன்தானே எனக்கு நம்பர் ஒன்! சிறந்த லீடர்னு உனக்கு அந்த வருஷம் ரைஸ் குக்கர் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

சபை சிரித்தது. கைகூடத் தட்டினார்கள். அவர் கிண்டல் செய்யவில்லை, மனதாரப் பாராட்டினார். அது சுட்ட மாதிரி எந்த ஏச்சும் என்னைச் சுட்டதில்லை. அந்த ரைஸ் குக்கரில் பன்னிரண்டு வருடம் சோறு ஆக்கியிருக்கிறேன். ஆக்கிய சோற்றை மரியம்மாளுக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அப்போதுகூடச் சிரித்துவிட்டு இறங்கியிருக்கலாம். மூன்றாம் வரிசையில் மரியம்மாள் கைபேசியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தாள்.

"ஆமா, நான்தான் எழுதுனேன்" என்றேன். "பலகையத் தொங்க விட்டது ஆபீசு. மாசம் ஒரு பேரு கேட்டதும் ஆபீசு. மரியம்மா பேர எழுதுனது நான். மூணு மாசமும் நான்தான். அவ எதுவும் கேக்க மாட்டான்னு எழுதுனேன்."

யாரும் சிரிக்கவில்லை. அழகப்பன் பேத்தி பக்கம் திரும்பி, "எத்தனை பிரதி அடிச்சிருக்கோம்?" என்றார்.

"ஐந்நூறு தாத்தா."

"சரி. அடுத்த பதிப்புல அந்த வரிய எடுத்துடு." என்னைப் பார்த்து, "மரியம்மாளா? எனக்கு ஆள் நினைவில்லம்மா. எண்ணூறு பேரு" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. புகைப்படக்காரர் என்னைச் சிரிக்கச் சொன்னார். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தில் நான் எப்படி இருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

லிட்டில் இந்தியா நிலையத்தில் மூவரும் ரயில் ஏறினோம். சனிக்கிழமைக் கூட்டம். நடேசன் முதல் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு தள்ளி ஓர் இடத்தில் உட்கார்ந்தார். என் மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை, முகத்தில் நிம்மதி தெரிந்தது. முதலாளி மேல் குற்றம் இல்லை என்றாகிவிட்டதாம். நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்திய பெண்டாட்டி மேல் குற்றம் என்றால் அவருக்குப் பரவாயில்லை.

மரியம்மாள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வேறு காலி இடம் இல்லை. நாலைந்து நிலையங்கள் போயின.

"ஏதாவது சொல்லு மரியம்மா" என்றேன். "திட்டவாச்சும் செய்."

"திட்டுறதெல்லாம் உன் வேலை. எனக்கு வராது." கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "பூசையில ஒரு இடம் வரும் சரசு. நமக்குத் தீங்கு செஞ்சவங்கள மன்னிக்கிறோம்னு சொல்லணும். அங்க வந்தா எனக்கு அழகப்பன் மொகம்தான் வரும். மொதல்ல ரொம்ப வருஷம் வாய்தான் சொல்லுச்சு, மனசு சொல்லல. தரை தொடைக்கிற மாப்பு புடிச்சுக் கை காப்புக் காச்சிருச்சு. அந்தக் கையக் கூப்பிக்கிட்டு எப்படிச் சொல்றது? அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. அந்த மனுஷன முழுசா மன்னிச்சு முடிக்க எனக்கு முப்பது வருஷம் ஆச்சு."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். எதிரே நின்ற பையன் தான் நிற்கும் இடத்தையும் யாருக்காவது கொடுக்க முடியுமா என்று பார்ப்பவன் போல் நெளிந்தான்.

"இப்பப் பாத்தா ஆளே மாறிப்போச்சு லா" என்றாள். "மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எனக்கு எழுபத்தொண்ணு ஆவுது."

பிடோக் நார்த் வந்தது. இறங்கி மேலே வந்தோம். அவள் புளோக்குக்குத் திரும்பும் இடத்தில் அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொள்ளவும் இல்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

"நாளைக்கு நடக்க வருவியா?"

"வருவேன்" என்றாள். "அவரக் கண்ணால பாக்காமலே மன்னிச்சேன், அதுக்கே முப்பது வருஷம். உன்னைத் தெனமும் எதுர உக்கார வச்சுக்கிட்டு மன்னிக்கணும்."